எல் சால்வடோரின் பிட்காயின் பேரேடு

2021 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் மியாமி நகரில் நடந்த பிட்காயின் மாநாட்டில் ஒரு காணொளி ஓடியது. எல் சால்வடோர் அதிபர் நயீப் புகேலே அதில் ஆங்கிலத்தில் பேசினார். பிட்காயினைத் தம் நாட்டின் சட்டப்பூர்வ நாணயமாக்கும் மசோதாவைப் பேரவைக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். மூன்றே நாளில், ஜூன் 8 இரவு, 84 உறுப்பினர்கள் கொண்ட பேரவையில் 62 பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் மக்களின் பணத்தைப் பற்றிய முடிவு, அவர்களுடைய பேரவைக்கு வருமுன்பே வேறொரு நாட்டு அரங்கில் வேறொரு மொழியில் சொல்லப்பட்டுவிட்டது. செப்டம்பர் 7 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. உலகில் முதன்முதலாக ஒரு நாடு கிரிப்டோவைத் தன் நாணயமாக்கியது.

அந்த முடிவுக்கு என்ன செலவானது, என்ன வரவு கிடைத்தது, எந்த இடத்தில் கணக்கு இடிக்கிறது என்று எழுதிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. கிரிப்டோவை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் எல் சால்வடோரை உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் இரு தரப்பும் பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும்தான் புரட்டுகின்றன.

நாட்டின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். பரப்பு 21,041 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மக்கள்தொகை சுமார் 63 லட்சம். கோலோன் என்ற சொந்த நாணயம் இருந்தது. 2001 ஜனவரி முதல் அமெரிக்க டாலரே புழங்குகிறது. அன்றிலிருந்து நோட்டு அச்சடிக்கும் உரிமை அரசிடம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், டாலருக்குப் பக்கத்தில் இன்னொரு நாணயத்தை உட்காரவைக்கும் ஆசை ஓர் அரசுக்கு ஏன் வந்தது என்பது விளங்கும்.

அரசியல் தேதிகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். 2021 பிப்ரவரித் தேர்தலில் புகேலேயின் கட்சி 84 இடங்களில் 56ஐப் பிடித்தது. மே 1 அன்று புதிய பேரவை கூடிய முதல் நாளே, உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் ஐந்து நீதிபதிகளையும் தலைமை அரசு வழக்கறிஞரையும் நீக்கியது. ஜூனில் பிட்காயின் சட்டம். அதிபர் அடுத்தடுத்து இரண்டாம் முறை போட்டியிடலாம் என்று புதிய நீதிபதிகள் தீர்ப்பளித்த நாள் செப்டம்பர் 3. பிட்காயின் நடைமுறைக்கு வந்ததோ அதற்கு நான்கு நாள் கழித்து. கேள்வி கேட்கக்கூடிய நாற்காலிகள் காலியான பிறகே இந்தப் பணப் பரிசோதனை தொடங்கியது. பின்னால் வரும் எண்கள் பலவற்றுக்கு ஏன் ரசீது இல்லை என்பதற்கான விடை இங்கேயே இருக்கிறது.

அரசு சொன்ன காரணங்கள் இரண்டு. மக்களில் 70 சதவீதம் பேருக்கு வங்கிக் கணக்கு இல்லை என்பது ஒன்று. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பணத்தில் இடைத்தரகர் எடுக்கும் கட்டணம் மிச்சமாகும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணம் அந்த நாட்டின் உயிர்நாடியைத் தொடுவது. லாஸ் ஏஞ்சலிசிலும் ஹூஸ்டனிலும் கட்டட வேலையும் துப்புரவு வேலையும் பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் 2020இல் 591.8 கோடி டாலர். 2021இல் அது 751.7 கோடியானது, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு. வளைகுடாவிலிருந்து மாதாமாதம் வரும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகளை அறிந்த நமக்கு இதன் கனம் தெரியும்.

கட்டணமாகப் போகும் தொகையில் ஆண்டுக்கு 40 கோடி டாலர் மிச்சமாகும் என்றார் புகேலே. இந்த எண்ணைச் சற்று உரைத்துப் பார்ப்போம். 591.8 கோடிக்கு 40 கோடி என்றால் நூற்றுக்கு 6.76. ஆனால் அமெரிக்காவிலிருந்து எல் சால்வடோருக்குப் பணம் அனுப்பும் வழி உலகிலேயே மலிவான வழிகளில் ஒன்று. அப்போது கட்டணம் 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அந்தக் கணக்கில் மொத்தக் கட்டணமே 18 கோடி டாலருக்குள் முடிந்துவிடும். இல்லாத 22 கோடியை எப்படி மிச்சப்படுத்துவது? திட்டத்தின் தலைவாசலில் எழுதிவைத்த எண்ணே இருமடங்குக்கு மேல் ஊதிப் போயிருந்தது.

இனிச் செலவு. டாலருக்கும் பிட்காயினுக்கும் இடையே மாற்றிக் கொடுப்பதற்கென வளர்ச்சி வங்கியான பான்டெசாலில் ஓர் அறக்கட்டளை நிதி: 15 கோடி டாலர். அரசின் கைபேசிப் பணப்பையான 'சீவோ' வாலட்டை இறக்கிப் பதிவு செய்பவருக்குத் தலைக்கு 30 டாலர் பரிசு, அதற்கு 3 கோடி. நாட்டுக்குள் 200, அமெரிக்காவில் 50 என்று வைக்கப்பட்ட ஏடிஎம்கள் முதலிய கட்டமைப்புக்கு 2.33 கோடி. கூட்டினால் 20.33 கோடி டாலர். 63 லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 32 டாலர் 27 சென்ட். அதாவது, ஒவ்வொருவர் கையிலும் 30 டாலரை ரொக்கமாகவே கொடுத்திருந்தாலும் இதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

பரிசுக் கணக்கிலேயே ஓர் இடறல் இருக்கிறது. 3 கோடி டாலரைத் தலைக்கு 30 வீதம் கொடுத்தால் 10 லட்சம் பேருக்குத்தான் வரும். செப்டம்பர் 25 அன்று, சட்டம் வந்து 18 நாளில், 21 லட்சம் பேர் சீவோவைப் பயன்படுத்துவதாகப் புகேலே அறிவித்தார். 21 லட்சம் பேருக்கு 6.3 கோடி டாலர் வேண்டும். ஒன்று, ஒதுக்கீடு இருமடங்காகியிருக்கவேண்டும். அல்லது பயன்படுத்துவோர் எண்ணிக்கை மிகையாக இருக்கவேண்டும். இரண்டில் எது என்பதைக் கணக்குத் தணிக்கை செய்து பார்த்துவிடலாம். ஆனால் சீவோ, பொதுப்பணத்தில் தொடங்கப்பட்டும் தனியார் நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனி. அரசுத் துறைக்குரிய தணிக்கைக் கண் அதன்மேல் விழவில்லை. பான்டெசாலும் பிட்காயின் தொடர்பான தகவல்களை ரகசியம் என்று வகைப்படுத்திவிட்டது.

அன்றைய குறைந்தபட்சக் கூலி, வணிகத்திலும் தொழிலிலும், மாதம் 365 டாலர். 30 டாலர் என்பது இரண்டரை நாள் சம்பளம். ஏழை வீட்டுக்கு அது பெரிய தொகை. அதை வாங்கியவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

இப்போது தெருவுக்கு வருவோம். அந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடு புபுசா. மக்காச்சோள மாவைத் தட்டி, உள்ளே அவரை விழுதோ பாலாடைக்கட்டியோ வைத்து மூடி, கல்லில் போட்டுச் சுடும் அடை. ஒரு புபுசா முக்கால் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2021 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு பிட்காயின் சுமார் 50,000 டாலர். அப்படியானால் புபுசாவின் விலை 0.000015 பிட்காயின். ஒரு காயினைப் பத்துக் கோடிப் பங்காக்கிய சில்லறைக்குச் சதோஷி என்று பெயர்; அந்தச் சில்லறையில் 1,500. கடைக்காரப் பெண்மணி அந்த 1,500 சதோஷியை வாலட்டிலேயே வைத்திருந்தால், 2022 நவம்பரில் காயின் 16,000 டாலராக விழுந்தபோது அவர் கையில் இருந்திருக்கும் மதிப்பு 24 சென்ட். மாவு, எண்ணெய், விறகு எதுவும் மூன்றில் ஒரு பங்காகக் குறையவில்லை. அதே 1,500 சதோஷியை 2025 அக்டோபர் வரை அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தால், காயின் 1,20,000 டாலரைத் தாண்டியபோது ஒன்றே முக்கால் டாலருக்கு மேல் ஆகியிருக்கும். இதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அடைக் கடை வைத்திருப்பவர் நாளை காலை மாவு வாங்க வேண்டியவர். நான்கு வருஷம் பொறுத்திருக்கக் கூடியவருக்கு அது சொத்து. மாலையில் கல்லாவை எண்ணி மறுநாள் சரக்குக்குப் பிரித்து வைப்பவருக்கு வேண்டியது வேறு.

பரிமாற்றங்களைத் தொகுதி தொகுதியாகப் பதியும் பொதுப் பதிவேடான பிட்காயினின் மூலச் சங்கிலியில், சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒரு தொகுதி பதிவாகும். நொடிக்குச் சுமார் 7 பரிமாற்றங்களே போகும். நெரிசல் நேரத்தில் கட்டணம் ஏறும். 2021 ஏப்ரலில் ஒரு பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணம் 60 டாலரையும் தொட்டது. முக்கால் டாலர் அடைக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. அதனால்தான் 'லைட்னிங்' என்ற மேலடுக்கு வலையையும், சீவோவுக்குள்ளேயே நடக்கும் கணக்கு மாற்றத்தையும் நம்பவேண்டியிருந்தது. சீவோவுக்குள் நடக்கும் மாற்றம் என்பது ஓர் அரசு நிறுவனத்தின் கணினியில் ஓர் எண்ணைக் குறைத்து இன்னோர் எண்ணைக் கூட்டுவது. எந்த வங்கியும் செய்வது அதுதான். இடைத்தரகரே வேண்டாம் என்று பிறந்த தொழில்நுட்பம், மக்கள் கைக்கு வந்தபோது அரசையே இடைத்தரகராக வைத்துக்கொண்டு வந்தது.

கடைக்காரருக்கு விலைச்சரிவு பயம் இருந்தால் என்ன செய்வது? காயினைப் பெற்ற கணமே டாலராக மாற்றும் பொத்தானை அழுத்தலாம். அப்போது டாலரைக் கொடுப்பது அந்த 15 கோடி நிதி. விழப்போகும் காயினைச் சுமப்பதும் அதுவே. தனி மனிதரின் நஷ்டம் ஊர்ப் பொதுவின் தலைக்கு மாறியது. சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிட்காயினில் பணம் நீட்டினால் எல்லா வணிகரும் வாங்கியே தீரவேண்டும் என்றது. தொழில்நுட்ப வசதி இல்லாதவருக்கு 12ஆம் பிரிவு விலக்குக் கொடுத்தது.

முதல் நாளே சீவோ படுத்துவிட்டது. சர்வர்களைக் கூட்டுவதற்காக அதைச் சில மணிநேரம் நிறுத்தவேண்டியிருந்தது. காயின் விலை அன்று 52,000 டாலருக்கு மேலிருந்து 43,000க்கும் கீழே சரிந்து பிறகு சற்று மீண்டது. முந்தின நாள்தான் அரசு 400 காயின் வாங்கியிருந்தது. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 15 சுதந்திர தினத்தன்று, தலைநகர் சான் சால்வடோரில் போராட்டக்காரர்கள் ஒரு சீவோ ஏடிஎம்மைக் கொளுத்தினார்கள்.

மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. பெர்னாண்டோ ஆல்வாரெஸ், டேவிட் அர்ஜென்டே, டயானா வான் பாட்டன் ஆகிய பொருளியலாளர்கள் 1,800 வீடுகளில் நேரில் கேட்டு எழுதியது. 'சயின்ஸ்' இதழில் வெளியானது. வாலட்டை இறக்கியவர்களில் 40 சதவீதம் பேர் முதல் மாதமான 2021 செப்டம்பரிலேயே இறக்கிவிட்டார்கள். 2022இல் புதிதாக இறக்கியவர் ஏறக்குறைய எவருமில்லை. இறக்கியவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் 30 டாலரைச் செலவழித்தபின் அதைத் தொடவே இல்லை. நிறுவனங்களில் 20 சதவீதமே பிட்காயினில் பணம் வாங்கின. மொத்த விற்பனையில் பிட்காயினின் பங்கு 4.9 சதவீதம். அதிலும் வாங்கிய கடைகளில் 88 சதவீதம் உடனே டாலராக மாற்றிக்கொண்டன.

மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகமான யூசிஏவின் கருத்துக்கணிப்பில், 2023 முழுவதும் ஒருமுறைகூடப் பிட்காயினைப் பயன்படுத்தாதவர்கள் 88 சதவீதம். 2024இல் அது 92 ஆனது. பழகப் பழகக் கூடவேண்டிய எண்ணிக்கை, பழகப் பழகக் குறைந்தது.

எந்தப் பணத்துக்காக இந்தத் திட்டம் என்று சொன்னார்களோ அந்தப் பணம் எப்படி வந்தது? 2023இல் வெளிநாட்டிலிருந்து வந்தது 818.2 கோடி டாலர். அதில் கிரிப்டோ வாலட் வழியாக வந்தது சுமார் 8.3 கோடி; நூற்றுக்கு ஒன்று. மீதி 99 பழைய வழியிலேயே வந்தது. லாஸ் ஏஞ்சலிசில் கூலி டாலராகக் கிடைக்கிறது. ஊரில் அம்மாவுக்கும் டாலரே வேண்டும். இடையில் ஒருமுறை காயினாக மாறி மறுபடி டாலராவதில் இரண்டு இடத்தில் விலை அபாயம், ஒரு கைபேசி, ஒரு கடவுச்சொல், தடுமாறினால் கேட்பதற்கு ஆளில்லை. 3 டாலர் கட்டணத்தை விட்டுக்கொடுக்கத் தாய்மார்கள் தயாராக இருந்தார்கள். மகன் அனுப்பிய 100 டாலரைப் பணயம் வைக்கத் தயாராக இல்லை. அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

பாதுகாப்புப் பக்கத்துக்கு வருகிறேன். இதில்தான் ஏழைகளுக்கு நேரடி இழப்பு.

சீவோவில் பதிவு செய்ய வேண்டியவை அடையாள அட்டை எண், பிறந்த தேதி, முகத்தைக் கேமராவில் காட்டுதல். முகம் சரிபார்க்கும் நிரல், உயிருள்ள முகத்துக்கும் ஒரு படத்துக்கும் வேறுபாடு காணத் தவறியது. வேறு பொருளைக் காட்டியும் கணக்குத் திறக்கமுடிந்ததாகச் சோதித்தவர்கள் காணொளி வெளியிட்டார்கள். அட்டை எண்ணும் பிறந்த தேதியும் ஜெராக்ஸ் கடையிலும் வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலும் எளிதில் கிடைப்பவை. அவற்றை வைத்து வேறு யாரோ கணக்குத் திறந்து 30 டாலரை எடுத்துக்கொண்டார்கள். உரியவர் சில வாரம் கழித்து ஆசையோடு பதிவு செய்யப் போனால், 'இந்த எண்ணில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது' என்று வரும். கிரிஸ்டோசால் என்ற மனித உரிமை அமைப்புக்கு 2021 அக்டோபர் 9 முதல் 14 வரை, ஆறே நாளில், இத்தகைய 755 புகார்கள் வந்தன. பிட்காயினைத் தொடவே விரும்பாமல் ஒதுங்கியிருந்தவர் பெயரிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் இதில் கொடுமை. 30 டாலர் போனது ஒருபுறம். தன் பெயரில் இன்னொருவர் பணம் நகர்த்துகிறார் என்ற பயம் மறுபுறம்.

2024 ஏப்ரலில் அடுத்த அடி. 51 லட்சம் சால்வடோர் மக்களின் பெயர், அடையாள எண், பிறந்த தேதி, முகவரி, கூடவே தெளிவான முகப்படம் என்று 144 ஜிபி தரவு இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டது. அதே மாதம் சீவோ ஏடிஎம்களின் மூல நிரலின் பகுதியும் வெளியானது. தங்கள் அமைப்பு ஊடுருவப்படவில்லை என்று சீவோ மறுத்தது. எந்தக் கதவு வழியாகப் போயிருந்தாலும், 63 லட்சம் பேர் வாழும் நாட்டில் 51 லட்சம் முகங்கள் என்றால் வயதுவந்தவர் ஏறக்குறைய எல்லோரும் அதில் அடக்கம். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றமுடியாது.

சங்கிலியின் கணிதம் உடைந்து இந்தத் திருட்டுகள் நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இவை எதிலும் 2009 முதல் ஓடும் பிட்காயின் பதிவேட்டை யாரும் திருத்தி எழுதவில்லை. உடைந்ததெல்லாம் அதைச் சுற்றி மனிதர்கள் கட்டிய கதவுகள். 2014இல் மவுன்ட் காக்ஸ் சந்தையில் சுமார் 8.5 லட்சம் காயின்கள் காணாமல்போனதும், 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவுபோனதும், 2025 பிப்ரவரியில் பைபிட் சந்தையிலிருந்து ஒரே நாளில் ஏறக்குறைய 150 கோடி டாலர் போனதும் இந்த வகை. பைபிட்டில் போன தொகை, பன்னாட்டு நாணய நிதியம் (ஐஎம்எஃப்) எல் சால்வடோருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட 140 கோடி டாலர் கடனைவிட அதிகம்.

அரசின் கையிருப்புக் கணக்கு இந்தக் கதையின் மையம். வாங்கிய ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வந்தது அதிபரின் ட்விட்டர் பக்கத்தில். அரசிதழிலோ நிதியமைச்சக அறிக்கையிலோ அல்ல. அந்த அறிவிப்புகளைக் கோத்தால் இப்படி வரும். 2021 செப்டம்பர் 6இல் 400, 7இல் 150, இரண்டு வாரத்தில் மேலும் 150, அக்டோபர் 27இல் 420, நவம்பர் 26இல் 100, டிசம்பர் 4இல் 150, டிசம்பர் 21இல் 21. 2022 ஜனவரியில் 1.5 கோடி டாலருக்கு 410. மே 9இல், ஒன்று 30,744 டாலர் வீதம் 500. ஜூன் கடைசியில் 19,000 டாலர் வீதம் 80. மொத்தம் 2,381 காயின்.

அந்தந்த நாள் விலையில் பெருக்கிக் கூட்டினால் சுமார் 10.5 கோடி டாலர். சராசரி விலை 44,000 டாலரை ஒட்டி வருகிறது. இது நான் போட்ட கணக்கு. 2022 நவம்பரில் 16,000 டாலர் விலையில் இந்தக் கையிருப்பின் மதிப்பு 3.8 கோடி, நூற்றுக்கு 64 நஷ்டம். உலகமே கைகொட்டிச் சிரித்த நாட்கள் அவை. புகேலே விற்கவில்லை, நாளுக்கு ஒரு காயின் வாங்கப்போவதாக அறிவித்தார். அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் கிடைத்தது. காயின் 90,000 டாலர் என்று எடுத்துக்கொண்டால், அதே 2,381 காயினின் மதிப்பு 21.4 கோடி. கிட்டத்தட்ட 10.9 கோடி லாபம். விற்காதவரை ஏட்டு லாபம் என்றாலும், இதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதன் அளவையும் பாருங்கள். 2024இல் கடல் கடந்த பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பியது 848 கோடி டாலர், நாளொன்றுக்கு 2.3 கோடி. அரசின் அந்த லாபம், அவர்கள் ஐந்து நாளில் அனுப்பும் பணத்தைவிடக் குறைவு.

இன்னொன்று. 2024 மார்ச்சில் கையிருப்பை இணையத் தொடர்பில்லாத வாலட் ஒன்றுக்கு மாற்றியதாகப் புகேலே அறிவித்து, அதன் முகவரியையும் வெளியிட்டார். அதில் இருந்தவை 5,689 காயினுக்கு மேல். பழைய 2,381உடன், 2022 நவம்பர் 18 முதல் நாளுக்கு ஒன்றாக 482 நாள் சேர்த்தால் 2,863தான் வரும். கூடுதலாக இருந்தவை ஏறக்குறைய 2,827. அறிவித்த அளவுக்குச் சமமாக அறிவிக்காத கையிருப்பு! பாஸ்போர்ட் விற்பனை, உள்ளூர் வணிகர்களுக்கு டாலராக மாற்றிக் கொடுத்தது, கணினிகளை ஓட்டிப் புதுக் காயின் எடுக்கும் 'சுரங்கம்', அரசுச் சேவைகள் ஆகியவற்றில் வந்த வரவு என்றார் புகேலே. தேக்காபா எரிமலையின் புவிவெப்ப மின்நிலையத்தில் 300 கருவிகளை ஓட்டி 2021 முதல் 474 காயின் எடுத்ததாக 2024 மேயில் அரசு சொன்னது. அதைக் கழித்தாலும் 2,353 மிச்சம். பணம் கூடுதலாக இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். கல்லாவில் பணம் குறைந்தால் மட்டும் கணக்குப்பிள்ளை கேள்வி கேட்பதில்லை; கூடினாலும் கேட்பார். எந்த வணிகரின் காயின், எந்த விலையில், எந்த நிதியிலிருந்து டாலர் கொடுத்து வாங்கப்பட்டது என்று தெரியாமல் அதை லாபம் என்றும் சொல்லமுடியாது, நஷ்டம் என்றும் சொல்லமுடியாது.

வேறோர் எரிமலையடியில் 'பிட்காயின் நகரம்' கட்டும் திட்டத்தை 2021 நவம்பரில் மேடைபோட்டு அறிவித்தார்கள். 100 கோடி டாலர் கடன் பத்திரம், பாதிக்குக் காயின், பாதிக்குக் கட்டுமானம் என்றார்கள். பத்திரம் வெளிவரவே இல்லை.

கடைசியில் கடன் கொடுத்தவர்கள் கணக்கைத் திருத்தினார்கள். சட்டப்பூர்வ நாணயம் என்ற தகுதியை நீக்கும்படி பன்னாட்டு நிதியம் 2022 ஜனவரியிலேயே வற்புறுத்தியது. மூன்றாண்டு இழுபறிக்குப் பிறகு 2024 டிசம்பர் 18 அன்று, 40 மாதத்துக்கு 140 கோடி டாலர் என்று உடன்பாடு ஆனது. 2025 ஜனவரி 29 அன்று பேரவை 55க்கு 2 என்ற வாக்கில் சட்டத்தைத் திருத்தியது. வணிகர் விரும்பினால் வாங்கலாம், கட்டாயமில்லை. வரியைப் பிட்காயினில் கட்டமுடியாது. சீவோவிலிருந்து அரசு விலகவேண்டும் என்பதும் நிதியத்துடனான உடன்பாட்டில் இருந்தது. அமல்படுத்தச் சொல்லி 62 பேர் வாக்களித்தபோதும் சரி, திருத்தியபோதும் சரி, பேரவை விவாதத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு இரண்டு பேரேடுகள் ஓடுகின்றன. அரசின் பிட்காயின் அலுவலகம் நாளுக்கொரு காயின் வாங்குவதாக அறிவித்துக்கொண்டே இருந்தது. 2025 ஜூலையில் நிதியம் வெளியிட்ட அறிக்கையோ, பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வாங்கவில்லை என்றும், கூடுவதுபோலத் தெரிவது அரசின் பல வாலட்டுகளிலிருந்து ஒன்றுசேர்ப்பது என்றும் சொன்னது. அதற்கு ஆதாரமான கடிதத்தில் நாட்டின் நிதியமைச்சரும் மத்திய வங்கித் தலைவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அதிபர் வாங்குகிறேன் என்கிறார். அமைச்சர் வாங்கவில்லை என்று எழுதிக்கொடுக்கிறார். 2025 நவம்பரில் ஒரே மூச்சில் 1,090 காயின், சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கியதாக அறிவிப்பு வந்தது. மொத்தக் கையிருப்பு 7,474 என்று காட்டப்பட்டது. அதற்கு முன், ஆகஸ்ட் இறுதியில், காயினைச் செலவிடத் தேவையான ரகசியச் சாவியைக் குவாண்டம் கணினிகள் வருங்காலத்தில் உடைத்துவிடும் அபாயத்தைச் சொல்லி, ஒரே முகவரியிலிருந்த காயின்களை 14 முகவரிகளுக்குப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 500. அது நல்ல பாதுகாப்பு நடவடிக்கை, பாராட்டவேண்டியது.

ஆனால் அந்த 14 முகவரிகளையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்பது மட்டும் வெளிப்படைத்தன்மை ஆகாது. முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்று சங்கிலி காட்டும். அந்தக் காயின் எந்தக் கணக்கின் டாலரில் வாங்கப்பட்டது, யார் கையெழுத்திட்டார், சாவிகள் எத்தனை, அவை யார் யாரிடம், சாவி வைத்திருப்பவர் பதவி மாறினால் என்ன நடக்கும் என்பதைச் சங்கிலி காட்டாது. அதைக் காட்டவேண்டியது அரசின் பேரேடு.

கிரிப்டோவில் தன் சொந்தப் பணத்தைப் போடுவது ஒருவரின் விருப்பம். அதில் வரும் லாபமும் நஷ்டமும் அவருடையது. பொதுப்பணம் அப்படியல்ல. நாளை வேறோர் அரசு, நம் அரசாகவே இருந்தாலும், கருவூலத்தில் காயின் வாங்கப்போகிறேன் என்று வந்தால், விலை ஏறுமா இறங்குமா என்று கேட்டு நேரத்தைச் செலவிடாதீர்கள். ஒவ்வொரு கொள்முதலுக்கும் தேதி, விலை, நிதி வந்த தலைப்பு, சாவிப் பொறுப்பாளர் என்று நான்கு பத்திகள் கொண்ட, தணிக்கையாளர் கையெழுத்திட்ட பட்டியலைக் கேளுங்கள். எல் சால்வடோர் மக்களுக்கு அந்தப் பட்டியல் இன்றுவரை கிடைக்கவில்லை.